ரிசர்வேஷன் பெட்டி

1997 டிசம்பரில் எங்க சேரியிலிருந்து பம்பாய்க்குப் போய்வந்த கதையை ஏற்கெனவே ஒரு தடவை எழுதியிருக்கிறேன். எங்க சங்கத்து ஆண்டு மலரில் வந்தது. அதில் கடல் இருந்தது, கூட்டம் இருந்தது, ஜெய் பீம் முழக்கம் இருந்தது. படிச்சவங்க எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. ஆனால் நடந்ததில் பாதியைத்தான் அதில் எழுதினேன். விட்டுப்போன பாதியை இப்ப எழுதறேன். எங்க ஆளுங்களே சிலபேர் கோபப்படுவாங்க. பரவாயில்ல.

எங்க ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். 1991-இல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தபோது எங்க சேரியில் சங்கம் ஆரம்பிச்சோம். ஒரு கூரைக் கொட்டாய், ஒரு படம், ராத்திரியில் பிள்ளைகளுக்குப் பாடம். சேரியில் பி.ஏ. முடிச்ச மொத ஆள் நான்தான் என்பதால் கணக்கு நோட்டு என் கையில் இருந்தது.

1997 எங்களுக்கு லேசில் மறக்கிற வருசம் இல்லை. ஜூன் 30-ஆம் தேதி மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும், ஆறு பேரை, பட்டப்பகலில் பஸ்ஸை மறிச்சு வெட்டினார்கள். தனித்தொகுதியில் நின்று ஜெயிச்சதுதான் அவர் செய்த குற்றம். பதினோரு நாள் கழிச்சு, ஜூலை 11-இல், பம்பாய் காட்கோபரில் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதைக் கேட்டு ரோட்டுக்கு வந்த சனங்களைப் போலீஸ் சுட்டது. பத்துப் பேர் செத்தார்கள். அதே ஜூலை 25-ஆம் தேதி கே.ஆர். நாராயணன் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்றார். ஒரே மாசத்தில் எதுக்கு அழறது, எதுக்கு வெடி வெடிக்கிறது என்று தெரியாமல் இருந்தோம்.

அந்த வருசம் பிப்ரவரியிலேயே சீட்டு ஆரம்பிச்சிருந்தோம். மாசம் 60 ரூபாய், பத்து மாசம். டிசம்பர் 6-க்குத் தாதர் போவதென்று முடிவு. பாபாசாகேப் டெல்லியில் 1956 டிசம்பர் 6-இல் இறந்தார். உடலைப் பம்பாய்க்குக் கொண்டுவந்து மறுநாள் தாதர் கடற்கரையில் எரித்தார்கள். அந்த இடம்தான் சைத்யபூமி. ஒவ்வொரு வருசமும் அங்கே லட்சக்கணக்கில் சனம் கூடுது என்று படிச்சிருந்தேன். நாமும் ஒருதரம் போய் நிக்கணும் என்று ஆசை. நடவுக்குப் போனால் ஒரு நாளைக்கு 20 ரூபாய் கிடைத்த காலம். மாசம் 60 ரூபாய் என்பது மூணு நாள் சேத்துல நின்ன கூலி. எங்க ஆயா ரெண்டு ஆட்டுக்குட்டியை வித்துச் சீட்டு கட்டினாள்.

"பழனிக்குப் போல, திருப்பதிக்குப் போல. இந்த அம்பேத்காரு எரிஞ்ச எடத்தயாவது பாத்துட்டு வந்துர்றன்டா" என்றாள்.

ஆயாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். எனக்குப் பத்துப் பதினோரு வயசு இருக்கும்போது அவளோட டவுன் பஸ்ஸில் போனேன். களை எடுத்துட்டு வந்த சேலை, முழங்கால் வரைக்கும் சேறு. காலியாக் கெடந்த சீட்டில் உக்காந்தாள். அடுத்த நிறுத்தத்தில் ஏறின ஊர்த்தெரு ஆள் ஒருத்தர், வயசு என் அப்பா வயசுகூட இருக்காது, அவளைப் பாத்து "எந்திரி" என்றார். அவ்வளவுதான். கத்தவும் இல்லை, கைநீட்டவும் இல்லை. ஆயா எழுந்து கம்பியைப் பிடிச்சுக்கினு நின்னாள். சீட்டு மேலிருந்த சேத்தை முந்தானையால் தொடச்சுவிட்டு நின்னாள். அந்த 'எந்திரி' ரொம்ப வருசம் என் காதிலேயே இருந்தது. சங்கம் ஆரம்பிச்சதே அந்தச் சொல்லாலதான் என்று மேடைகளில் பேசியிருக்கிறேன்.

நாங்க 22 பேர். இப்படி எழுதும்போதுகூட மனசு வேற மாதிரி எண்ணுது: எங்க ஆளுங்க 21, அவரு ஒருத்தர். அவரு பக்கத்து டவுனில் பேரூராட்சித் துப்புரவுத் தொழிலாளி. அருந்ததியர். வீட்டில் தெலுங்கு பேசறவங்க. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993-இல் வந்துவிட்டது. 1997-இலும் அவர் கையில் வாளி இருந்தது. எங்க சங்கத்து நோட்டீஸை டவுனில் பாத்துட்டு, சைக்கிளில் வந்து, "தம்பி, நானும் சீட்டு கட்டலாமா?" என்று கேட்டார். கட்டலாம் என்றேன். மாசம் தவறாமல் முதல் தேதி வந்து கட்டினவர் அவர் மட்டும்தான். பணத்தைக் கொட்டாய்க்கு வெளியே நின்னுதான் கொடுப்பார். உள்ள வாங்கண்ணே என்று நான் சொன்னதாக ஞாபகம் இல்லை.

ரயிலில் யாருக்கு எந்தப் படுக்கை என்று பட்டியல் எழுதினது நான்தான். கக்கூஸுக்கு ஒட்டின பக்கவாட்டுப் படுக்கையில் அவர் பேரை எழுதினேன். யாரும் எழுதச் சொல்லல. யாரும் என்னைக் கேக்கவும் இல்லை. அவரும் கேக்கல. கை தானா எழுதிச்சு.

டிசம்பர் 4, வியாழக்கிழமை, சென்ட்ரலில் மத்தியானம் வண்டி. ரிசர்வேஷன் சார்ட்டில் எங்க பேரெல்லாம் அச்சடிச்சு ஒட்டியிருந்ததைப் பிள்ளைகள் தொட்டுத்தொட்டுப் பார்த்தார்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் தவிர வேற எங்கயும் எங்க பேரை அச்சில் பார்த்தது கிடையாது. பெரியம்மா ஒருத்தங்க படுக்கையைக் கையால் தட்டிப்பார்த்து, "இது ராத்திரி பூரா எனக்கா? யாரும் எந்திரிக்கச் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டாங்க. யாராலும் முடியாது பெரிம்மா, இது ரிசர்வேஷன் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

அரக்கோணம், ரேணிகுண்டா தாண்டினதும் பாட்டு ஆரம்பமாச்சு. தாம்பாளத்தில் தாளம். புளிச்சோத்து மூட்டையைப் பிரிச்சோம். எல்லாரும் வட்டமா உக்காந்து சாப்பிட்டோம். அவர் தன் படுக்கையில் உக்காந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரிச்சுத் தனியாச் சாப்பிட்டார். எங்க குடத்துத் தண்ணி எல்லாருக்கும் பொது. அவர் தனியா ஒரு பாட்டில் வச்சிருந்தார். குந்தக்கல்லில் எறங்கி அதில் குழாய்த்தண்ணி பிடிச்சுக்கினு வந்தார். இதையெல்லாம் அப்ப நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். தப்பா ஒண்ணும் தோணல.

ராய்ச்சூர் தாண்டி எல்லாரும் தூங்கிட்டோம். ராத்திரி எத்தனை மணியோ தெரியாது, வண்டி நின்னது. சோலாப்பூர். கதவை யாரோ படபடன்னு அடிக்கிறாங்க. ஜன்னலைத் தூக்கிப் பார்த்தேன். பிளாட்பாரம் முழுக்கச் சனம். வெள்ளைச் சேலை கட்டின பொம்பளைங்க, தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை. எங்க பையன்கள் கதவை உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். "ரிசர்வேஷன்! ரிசர்வேஷன்!" என்று நானும் சேர்ந்து கத்தினேன். அந்தப் பக்கத்துக் கதவு எப்படியோ தொறந்தது. தண்ணி புகுந்த மாதிரி உள்ளே வந்தார்கள். நடைபாதை, கக்கூஸ் வாசல், படுக்கைகளுக்கு நடுவில், எங்கேயும் கால் வைக்க இடமில்லை.

என் கால்மாட்டில் ஒரு கிழவி உக்காந்தாள். எங்க ஆயா வயசு இருக்கும். மடியில் ஒரு துணி மூட்டை. நான் எழுந்து உக்காந்து அவளைப் பார்த்து "எந்திரி" என்றேன். "ரிசர்வேஷன், எந்திரி."

அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தச் சொல் என்ன சொல் என்று அவளுக்குத் தெரிஞ்சிருந்தது. ஒண்ணும் பேசல. எழுந்து, கீழே உக்காந்திருந்த சனத்துக்கு நடுவில் ஒரு துண்டுப் பேப்பரை விரிச்சு ஒடுங்கி உக்காந்துட்டாள். அவ மூட்டையிலிருந்து சின்னதாக் குச்சி ஒண்ணு நீட்டிக்கினு இருந்தது. குச்சி முனையில் நீலக் கொடி.

இந்த நேரத்தில் கக்கூஸ் பக்கமிருந்து தெலுங்குப் பேச்சு கேட்டது. எங்க துப்புரவு அண்ணன் தன் படுக்கையை விட்டு எழுந்து, கைக்குழந்தையோட வந்த ரெண்டு பொம்பளைங்களை அதில் உக்கார வச்சிருந்தார். சோலாப்பூரில் நெசவுக்காரத் தெலுங்கர்கள் நெறைய. வந்த கூட்டத்தில் ஒருத்தருக்குத் தெலுங்கு தெரிஞ்சிருந்தது. அண்ணன் அவரோட பேசிட்டு என்கிட்ட வந்தார்.

"தம்பி, இவுங்களும் அங்கதான் போறாங்க. நம்ம சனம்தான்."

ஊரில் அவரைத் தெலுங்கு பேசறார் என்றுதான் கிண்டல் பண்ணுவோம். அந்த ராத்திரி, அந்தப் பெட்டியில், எங்களையும் அவங்களையும் ஒண்ணு சேர்க்க இருந்த ஒரே பாஷை அவருடைய தெலுங்குதான்.

கீழ்ப்படுக்கையில் ஆயா எழுந்து உக்காந்தாள். கீழே இருந்த கிழவி கையைப் பிடிச்சு இழுத்துப் பக்கத்தில் உக்கார வச்சாள். "தள்ளிக்கறன், ஒக்காரும்மா" என்று தமிழிலேயே சொன்னாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்திரின்னு சொன்னது நீதானாடா?"

நான் பேசல. அவளும் அதுக்குமேல ஒண்ணும் கேக்கல. விடியறவரைக்கும் அந்தப் பெட்டியில் யாரும் படுக்கல. ஒரு படுக்கைக்கு ஆறு பேர் ஏழு பேர் உக்காந்து போனோம். புனே தாண்டி மலைக்குகைகளுக்குள் வண்டி நுழைஞ்சு வெளியே வரும்போதெல்லாம் பிள்ளைகள் ரெண்டு பாஷையிலும் கூச்சல் போட்டார்கள். சோள ரொட்டியும் பச்சைமிளகா சட்னியும் எங்க பக்கம் வந்தது. எங்க புளிச்சோறு அந்தப் பக்கம் போச்சு. எல்லாரும் சிரிச்சார்கள். என்னால் சிரிக்க முடியல. பஸ்ஸில் ஆயாவை எழுப்பின ஆளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு டிக்கெட்தான் வித்தியாசம் என்று தோணிச்சு. டிக்கெட் கிடைச்ச அன்னைக்கே நான் அவன் ஆயிட்டேன்.

தாதரில் எறங்கினதும் எல்லாம் மறந்துபோச்சு. அதையும் சொல்லத்தான் வேணும். அவ்வளவு சனத்தை வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. சிவாஜி பார்க் மைதானம் முழுக்கப் பந்தல். வரிசையாப் புத்தகக் கடை. சாமியார் படமும் குங்குமமும் விக்கிற திருவிழாதான் நான் பார்த்திருக்கிறேன். புத்தகத்தை மூட்டை கட்டித் தலையில் வச்சுக்கினு போற திருவிழாவை அங்கேதான் பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாத கிழவர்கூட பேரனுக்குன்னு ஒண்ணு வாங்கறார். எங்கே பார்த்தாலும் இலவசமாச் சோறு, தண்ணி. யாரும் "நீ எந்தத் தெரு?" என்று கேக்கல. எங்க சித்தப்பா சும்மாவே ரெண்டு தரம் வரிசையில் போய்த் தண்ணி வாங்கிக் குடிச்சார். "தாகம் இல்லடா, குடுக்கறாங்க பாரு, அதுக்குத்தான்" என்றார்.

6-ஆம் தேதி சைத்யபூமிக்குப் போக மணிக்கணக்கில் வரிசையில் நின்னோம். ஆயா மடியில் கற்பூரமும் வெத்தலைபாக்கும் முடிஞ்சு வச்சிருந்தாள். அங்கே நின்ன தொண்டர் பையன் அது கூடாது என்று கையை ஆட்டி, ஒரு மெழுகுவத்தியைக் கொடுத்தான். ஆயாவுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் உள்ளே போய் வெளியே வந்தபோது முகமே வேற மாதிரி இருந்தது.

"கிட்டக்கயே உட்டாங்கடா. கையால தொட்டன். தொடாதன்னு ஒருத்தனும் சொல்லலடா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அன்னைக்குச் சாயங்காலம் ஆயாவைக் காணோம். சுத்திச்சுத்தித் தேடினோம். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். இருட்டிப்போச்சு. எங்களுக்குள்ள சண்டை கிளம்பிச்சு. நீ பாத்துக்கலியா, நான் என்னா அவளுக்குக் காவலா என்று ஆளாளுக்குப் பேச்சு. கடைசியில், எப்படியும் யாராவது ஒருத்தர் மேல பழி விழணுமே. சங்கத்து ஆள் ஒருத்தர், என்னைவிட மூத்தவர், துப்புரவு அண்ணனைப் பார்த்து, "நீதானே கடசியா வந்த? பாத்துக்கினு வர வேணாம்? இதுக்குத்தான் கண்ட ஆளயும் சேக்கக் கூடாதுன்னேன்" என்றார். எல்லாரும் கேட்டுக்கினு இருந்தோம். நானும்தான்.

அண்ணன் ஒண்ணும் சொல்லாமல் கிளம்பிப் போயிட்டார். தெலுங்கு தெரிஞ்ச ஆளைத் தேடிப் பிடிச்சு, காணாமப்போனவங்க பேரை மைக்கில் சொல்ற இடத்துக்குப் போய், ஆயா பேரை மராத்திக்காரர் வாயால் சொல்ல வச்சிருக்கார். எங்க ஆயா பேர் அந்தக் கடற்கரை முழுக்கக் கேட்டுது, எழுத்துக்கு எழுத்து தப்பா. மூணு மணி நேரம் கழிச்சு அவரே ஆயாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கினு வந்தார். கடலோரச் சுவர்மேல் மராத்திக் கிழவிகள் கூட்டத்தோட உக்காந்து ரொட்டி தின்னுக்கினு இருந்தாளாம்.

"நான் எங்கடா காணாமப் போனன்? நீங்கதான் காணாமப் போனீங்க" என்றாள்.

எல்லாரும் சிரிச்சோம், அழுதோம். அண்ணன்கிட்ட மன்னிப்பு யாரும் கேக்கல. பேசினவரும் கேக்கல, கேட்டுக்கினு நின்ன நானும் கேக்கல.

மறுநாள் ரமாபாய் நகருக்குப் போனோம். நெடுஞ்சாலையை ஒட்டின குடியிருப்பு. எங்க சேரியில் இருக்கிற மாதிரியே குழாயடியில் வரிசையாக் குடம். ஒரு அம்மா எங்களைப் பார்த்து எந்த ஊர் என்று சைகையில் கேட்டாங்க. மெட்ராஸ் என்றோம். பத்து விரலையும் விரிச்சுக் காட்டினாங்க. எங்க பெரியம்மா மேலவளவை நெனச்சு ஆறு விரலைக் காட்டினாங்க. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கினு கொஞ்ச நேரம் நின்னாங்க. ஆண்டு மலரில் எழுதினபோது கட்டுரையை அந்த இடத்தில் முடிச்சிருந்தேன். முடிக்க வசதியான இடம். துக்கத்தில் எல்லாரும் ஒண்ணு என்று முடிச்சுட்டால், கக்கூஸ் பக்கத்துப் படுக்கையைப் பத்திப் பேச வேண்டியதில்லை.

திண்டிவனத்தில் எறங்கினபோது அண்ணனிடம், "வூட்டுக்கு வாங்கண்ணே" என்றேன். "வரன் தம்பி" என்றார். வரல. பிப்ரவரியில், எடுத்த போட்டோக்களைக் கழுவி வாங்கிக்கினு நானே அவர் வீட்டுக்குப் போனேன். டவுன் குப்பை கொட்டுற இடத்துக்குப் பின்னால் ஒரு வரிசை வீடு. பத்து வருசமா அந்த டவுனில் சைக்கிளில் சுத்தியிருக்கிறேன், அந்தத் தெருவுக்குள் போனதே இல்லை. அவர் மனைவி வெளியே வந்து, தயங்கித் தயங்கி, "எங்க வூட்ல தண்ணி குடிப்பீங்களா?" என்று கேட்டாங்க.

ஆரம்பப் பள்ளி வாத்தியார் எங்க வீட்டுப்பக்கம் வரும்போதெல்லாம் எங்க அம்மா கேட்ட கேள்வி அது. அதே கேள்வியை, அதே குரலில், என்னைப் பார்த்து ஒருத்தங்க கேப்பாங்க என்று நான் நெனச்சதே இல்லை. குடிச்சேன். அதில் பெருமையா எழுத ஒண்ணும் இல்லை. போட்டோவில் எங்க எல்லாரும் நடுவில் இருக்கோம், அவர் ஓரத்தில் பாதித் தோளோட இருக்கார். அதைத்தான் அவர் கையில் கொடுத்துட்டு வந்தேன்.

இந்தப் பழைய கதையை இப்ப எதுக்கு எழுதணும்? 2009-இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. எங்க சங்கத்துக் கூட்டத்தில் அன்னைக்குப் பெரிய சத்தம். "நம்ம எடத்தப் புடுங்கிட்டாங்க" என்றார்கள். 2024 ஆகஸ்டில், மாநிலங்கள் இப்படி உள்ஒதுக்கீடு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது மறுபடி அதே பேச்சு. எவ்வளவு இடம், எந்தக் கணக்கில், யார் கொடுக்கணும் என்று கேக்கலாம். கேக்க வேண்டிய கேள்விகள்தான். மேலே காலியாக் கெடக்கிற பெட்டிகளைப் பூட்டிவச்சவன் யார் என்றும் கேக்கணும். ஆனால் அந்தக் கூட்டத்தில் எழுந்த சத்தம் கணக்குக் கேக்கிற சத்தம் இல்லை. அந்தச் சத்தத்தை எனக்கு நல்லாத் தெரியும். சோலாப்பூரில் கதவைத் தாழ் போட்டுக்கினு "ரிசர்வேஷன்! ரிசர்வேஷன்!" என்று நான் கத்தின சத்தம் அது.

கூட்டத்தில் எழுந்து அந்த ராத்திரிக் கதையைச் சொன்னேன். முதல் தடவையா, கக்கூஸ் பக்கத்துப் படுக்கையில் அவர் பேரை எழுதினது நான்தான் என்பதையும் சொன்னேன். சிலர் எழுந்து போனார்கள். சிலர் உக்காந்து கேட்டார்கள். அண்ணனைப் பழிச்சுப் பேசினவர், இப்ப எழுபதைத் தாண்டிட்டார், கடைசிவரைக்கும் தலைகுனிஞ்சே உக்காந்திருந்தார். ஒண்ணும் சொல்லல.

ஆயா 2004-இல் செத்துப்போனாள். டிசம்பர் 6-க்கு எங்க பக்கத்திலிருந்து இப்பவும் பிள்ளைகள் தாதர் போறாங்க. படுக்கைப் பட்டியலைப் படிச்ச பொண்ணு ஒண்ணு செல்போனில் எழுதுது. கிளம்பறதுக்கு முன்னால் என்கிட்ட ஒருதரம் காட்டும். மத்ததையெல்லாம் விட்டுட்டு, கக்கூஸை ஒட்டின படுக்கையில் யார் பேர் இருக்கு என்றுதான் மொதல்ல பாக்கறேன்.